கலிலேயக் கடலும் நம் ஏரிகளும்

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியைத் தவிர்த்து மீனோடு உணவு கொள்வது நம் குடும்பங்களில் வழிவழியாக வரும் வழக்கம். கடற்கரைப் பங்குகளில் மீனுக்குக் குறைவில்லை. செஞ்சிக் கோட்டையிலிருந்து வடமேற்கே மேல்மலையனூர் வரை பரந்து கிடக்கும் இந்த வறண்ட நிலத்திலோ மீன் என்றால் பெரும்பாலும் ஏரி மீன்தான். மாசி, பங்குனியில் ஏரியில் நீர் வற்றத் தொடங்கும். குத்தகைக்காரர் வலை இறக்குவார். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் மயானக் கொள்ளைக்கு மக்கள் வெள்ளம் திரள்வதும், நம் ஆலயங்களில் சிலுவைப் பாதை நடப்பதும், ஏரிக்கரையில் மீன் கூடைகள் இறங்குவதும் ஏறக்குறைய ஒரே பருவத்தில்தான்.

அத்தகைய ஒரு வெள்ளியன்று, சிலுவைப் பாதை முடிந்து திரும்பும் வழியில், கரையோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரின் கூடையை நின்று பார்த்தோம். கூடை நிறைய ஒரே வகை மீன். சாம்பல் நிறம், தட்டையான உடல், முதுகில் முள் வரிசை. ஜிலேபி என்று நாம் அழைக்கும் மீன்.

"ஏம்மா, விரால் இல்லையா?" என்று கேட்டோம்.

"விராலா? அதெல்லாம் அந்தக் காலம் சாமி. ஆரால், அயிரை எல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. இப்ப வலை போட்டா ஜிலேபிதான். ஆனா ஒண்ணு சாமி, இது மலிவு. ஏழை வீட்டுல கொழம்பு கொதிக்குதுன்னா இதாலதான்."

ஒரு இழப்பையும் ஒரு நன்மையையும் அந்தத் தாய் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். இரண்டும் உண்மை. இவ்விரண்டு உண்மைகளையும் கையில் வைத்துக்கொண்டு, இந்த மீன் எங்கிருந்து, யாரால், எதற்காக நம் ஏரிக்கு வந்தது என்று தேடத் தொடங்கினோம். தேடல் நம்மை ஆப்பிரிக்காவுக்கும் சாவகத் தீவுக்கும் அழைத்துச் சென்று, இறுதியில் நாம் சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில், ஆண்டவர் இயேசு படகேறிப் போதித்த கலிலேயக் கடலின் கரையில், கொண்டுபோய் நிறுத்தியது.

ஏரிகளின் சீமை

செஞ்சி என்றதும் கோட்டை நம் நினைவுக்கு வருகிறது. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை வளைத்துக் கட்டிய அக்கோட்டை 2025-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இடம்பெற்றது. இயேசு சபையைச் சேர்ந்த நிக்கோலாஸ் பிமெந்தா அடிகளார் 1597-இல் செஞ்சிக்கு வந்தார். கிருஷ்ணப்ப நாயக்கர் ஆண்ட காலம் அது. இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் இதுவே மிகப் பெரியது என்றும், லிஸ்பனை விட்டால் போர்ச்சுகலின் எந்த நகரையும்விட இது பெரியது என்றும் அவர் வியந்து எழுதினார்.

அவ்வளவு பெரிய நகருக்குச் சோறு எங்கிருந்து வந்தது? வற்றாத ஆறு இங்கே இல்லை. மேற்கே குன்றுகளில் தோன்றும் சங்கராபரணி, மழைக்காலத்தில் பெருகிக் கோடையில் மணலாய்க் கிடக்கும். இச்சீமையை வாழ வைத்தவை ஏரிகளே. கோட்டைக்குள் சக்கரக்குளமும் செட்டிக்குளமும் இன்றும் உள்ளன. கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பல்லவர்கள் இப்பகுதியில் கல்லும் நீரும் கண்டவர்கள். மண்டகப்பட்டிலும் தளவானூரிலும் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்தான். பனைமலையில் இராசசிம்மன் எழுப்பிய கோயில் ஏரியைப் பார்த்தபடி நிற்கிறது.

ஏரியை வெட்டுவதைவிட அதைக் காப்பது பெரும்பாடு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஏரி வாரியம் என்றொரு குழுவைக் குடவோலை முறையில் ஊரார் தெரிந்தெடுத்ததைச் சொல்கின்றன. தூர் எடுப்பதும், கரை உயர்த்துவதும், மதகு திறப்பதும் ஊர் கூடிச் செய்த வேலைகள். பிற்காலத்தில் குடிமராமத்து என்று பெயர் பெற்ற வழக்கமும் இதன் தொடர்ச்சியே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில அரசு ஏரிகளைத் தன் துறைகளின் கீழ்க் கொண்டுவந்தது. ஊரின் பொறுப்பு தளர்ந்தது. 1858-இல் அவ்வழக்க உழைப்பைச் சட்டம் போட்டு வாங்க வேண்டிய நிலை வந்ததென்றால், அன்பால் செய்த கடமை அதற்குள் எவ்வளவு தேய்ந்துபோயிருந்தது என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஏரியின் காவலர் யார் என்ற இக்கேள்வியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். மீனின் கதைக்கு அதுவே திறவுகோல்.

அந்த ஏரிகளில் வாழ்ந்த மீன்கள் இந்நிலத்தின் வெயிலையும் மழையையும் அறிந்தவை. ஆண்டில் சில மாதங்கள் நிறைந்தும், சில மாதங்கள் வற்றியும் கிடப்பது நம் ஏரியின் இயல்பு. அதற்கேற்பவே படைத்தவர் அவற்றைப் படைத்தார். விரால் நீருக்கு மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும். ஏரி வற்றினால் ஈரச் சேற்றில் புதைந்து மழைக்காகக் காத்திருக்கும். தேளியும் காற்றைச் சுவாசிக்கும் இனமே. முதல் மழைக்கு வாய்க்காலில் நீர் பாய்ந்ததும், மீன்கள் எதிர்நீச்சலிட்டு மேலேறி வயல்களில் முட்டையிடும். ஏற்று மீன் பிடிக்கச் சிறுவர்கள் ஊத்தாவோடு ஓடுவார்கள். விரால் குஞ்சுகள் செந்நிறத் திரளாய் நீர்மேல் மிதக்க, கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும் காட்சியைக் கண்டவர்கள் நம் வாசகர்களுள் பலர் இருப்பர்.

பனையேறிக் கெண்டை என்றொரு மீன் உண்டு. செவுள் மூடியின் முட்களை ஊன்றித் தரையில் நகரும். தரங்கம்பாடியில் பணியாற்றிய டால்டார்ஃப் என்ற தேனிஷ் அதிகாரி, அது பனைமரத்தில் ஏறியதைத் தாமே கண்டதாக எழுத, 1797-இல் இலண்டனில் அது அச்சேறியது. அதே தரங்கம்பாடியில் ஜான் என்ற லூத்தரன் மறைப்பணியாளர் நம் நாட்டு மீன்களைப் பதப்படுத்திப் பெர்லினில் இருந்த பிளாக் என்ற அறிஞருக்கு அனுப்பினார். விராலுக்கும் பனையேறிக் கெண்டைக்கும் அறிவியல் உலகில் பெயர் சூட்டியவர் அந்தப் பிளாக்கே. நம் சேற்று மீன்களை ஐரோப்பா அறிந்துகொண்டதில் ஒரு மறைப்பணியாளருக்கும் பங்குண்டு என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

கப்பலேறி வந்தவை

மீன்களைப் பிறநாட்டிலிருந்து கொண்டுவந்து விடும் எண்ணம் ஆங்கிலேயரிடம் தோன்றியது. வியப்பு என்னவெனில், நம் நாட்டு மீன்களை மிகுந்த உழைப்போடு ஆராய்ந்து, தமிழ்ப் பெயர்களையும் சேர்த்துக் குறித்துவைத்த மருத்துவர் பிரான்சிஸ் டே என்பவரே 1863-இல் நீலகிரிக்கு டிரவுட் மீனைக் கொண்டுவரவும் முயன்றார். அம்முயற்சி தோற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்பவர் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பின்னரே டிரவுட் அங்கே நிலைத்தது. குளிர்மலையில் தம் தாய்நாட்டுத் தூண்டில் விளையாட்டு வேண்டும் என்ற ஆசையே அதற்குக் காரணம்.

அதன்பின் வந்தவை வேறு காரணங்களால் வந்தன. 1907-இல் சென்னை மாகாணத்தில் சர் பிரடெரிக் நிக்கல்சன் தலைமையில் மீன்துறை உருவாயிற்று. பஞ்சங்களைக் கண்டறிந்த அவர், மீன் ஏழையின் உணவு என்பதை உணர்ந்தவர். 1928-இல் மலேரியாக் கொசுவின் புழுக்களைத் தின்பதற்காக இத்தாலியிலிருந்து கம்பூசியா என்னும் சிறு மீன் இந்தியாவுக்கு வந்தது. 1939-இல் இலங்கையிலிருந்து சாதாக் கெண்டை உதகைக்கு வந்தது. 1959-இல் புல் கெண்டையும் வெள்ளிக் கெண்டையும் வந்தன. இவற்றுள் பலவும் நோயையும் பசியையும் தீர்க்கும் நல்லெண்ணத்தோடு கொண்டுவரப்பட்டவை என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் மூதாட்டியின் கூடையில் இருந்த மீனின் பயணம் இன்னும் நெடியது. அதன் தாயகம் தென்கிழக்கு ஆப்பிரிக்கா. மொசாம்பிக் நாட்டில் அதைக் கண்ட பீட்டர்ஸ் என்ற செருமானிய அறிஞர் 1852-இல் அந்நாட்டின் பெயராலேயே அதற்குப் பெயரிட்டார். 1930-களின் பிற்பகுதியில் அது எவ்வாறோ சாவகத் தீவின் தென்கரையில் தோன்றியது. அதைக் கண்டெடுத்து நன்னீரில் வளர்த்த முஜாயிர் என்ற ஏழையின் பெயரே இன்றளவும் இந்தோனேசிய மக்களிடையே அம்மீனின் பெயர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் ஆட்சியில் பசி வாட்டிய நாட்களில் அது தீவெங்கும் பரவியது. போருக்குப் பின்னர் ஆசியாவின் ஏழை நாடுகள் யாவும் அதை விரும்பி வரவேற்றன. 1952-இல் பாங்காக்கிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அது இந்தியாவுக்குள் வந்தது. திலேப்பியா என்ற பெயர் நம் மக்கள் நாவில் ஜிலேபியாயிற்று, பெயரிலேயே இனித்தது.

ஏன் அது இவ்வளவு விரைவாய்ப் பெருகிற்று? இரண்டு மூன்று மாதத்திலேயே அது முட்டையிடும் பருவத்தை எட்டிவிடும். ஆண்டில் பலமுறை இனப்பெருக்கம் செய்யும். ஆண் மீன் ஏரித்தரையில் குழி பறிக்கும். பெண் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். உப்புநீரும் கழிவுநீரும் அதற்குப் பெரிய தடையில்லை. பாசி, களை, புழு, பிற மீன்களின் முட்டை எதையும் தின்னும். இடம் நெருக்கடியானால் உடல் வளராது; விரலளவில் நின்றுகொண்டே மேலும் குஞ்சு பொரிக்கும். முதலில் வியாபாரிக்கு மகிழ்ச்சி. சில ஆண்டுகளில் ஏரி நிறைய விலைபோகாத பொடிமீன்.

சேற்றில் புதைந்து மழைக்குக் காத்திருக்கும் கலை ஜிலேபிக்குத் தெரியாது. ஆயினும் ஒரு மடுவிலோ, பாசனக் கிணற்றிலோ, மண் அள்ளிய பள்ளத்திலோ சிறிது நீர் எஞ்சினால் போதும். அடுத்த மழையில் அது ஏரிக்குத் திரும்பிவிடும். 1959-இலேயே இந்திய மீன் ஆராய்ச்சிக் குழு அதை மேலும் பரப்பலாகாது என்று விலக்கியது. வந்து ஏழே ஆண்டுகள்! அதற்குள் காலம் கடந்துவிட்டது. வைகை, அமராவதி, கிருஷ்ணகிரி அணைகளில் அது பெரும்பங்கு பிடித்துக்கொண்டது. ஊருக்கு ஊர் குடத்தில் சுமந்து ஏரியில் விட்டவர்களும் நம்மவரே.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இலங்கையின் வறண்ட மாவட்டங்களில், பழங்கால அரசர்கள் கட்டிய குளங்களில் 1952-க்குப் பின் விடப்பட்ட இதே மீன்தான் அங்கே உள்நாட்டு மீன்பிடித் தொழிலுக்கே உயிரூட்டியது. கடல் மீன் எட்டாத சிற்றூர்களில் ஏழைகளின் புரத உணவாயிற்று. நம் மூதாட்டியின் இரண்டாவது வாக்கியத்தை எந்த ஆராய்ச்சியாலும் தள்ளிவிட முடியாது.

தடையும் கசிவும்

ஜிலேபியோடு கதை முடிந்திருந்தால் ஆறுதல் கொள்ளலாம். 1990-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்கக் கெளுத்தி வங்கதேசம் வழியாக, எவ்வித அனுமதியும் இன்றி, இந்தியாவுக்குள் நுழைந்தது. இது ஒரு மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது; மற்ற மீன்களையும், தவளையையும், கிடைத்த எதையும் விழுங்கும். இறைச்சிக் கடைக் கழிவைக் கொட்டி வளர்ப்பவர் பலர். காற்றைச் சுவாசிப்பதால் ஈரத்தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்குச் சென்றுவிடும். அதை வளர்ப்பதை அரசு தடை செய்து பல ஆண்டுகள் ஆயினும், மறைவான பண்ணைக் குட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டு அழிக்கப்படும் செய்தி இன்றும் நம் மாவட்டங்களிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. தடை ஏட்டில் நிற்கிறது. மழை வந்தால் மீன் குட்டையின் கரையைத் தாண்டிவிடுகிறது.

அடுத்து வந்தது கண்ணாடித் தொட்டி. வீட்டுத் தொட்டியின் பாசியைத் தின்னட்டும் என்று வாங்கும் தென் அமெரிக்க மீன் ஒன்று கடைகளில் 'டேங்க் கிளீனர்' என்ற பெயரில் விற்கப்படுகிறது. வாங்கும்போது விரலளவு, வளர்ந்தபின் முழங்கையளவு. தொட்டி போதாமற்போனதும், கொல்ல மனமில்லாத பிள்ளைகள் அதை இரக்கத்தோடு ஏரியில் விட்டுவிடுகின்றனர். உடல் முழுதும் கவசம் போன்ற தகடுகள் கொண்ட அம்மீன் வலையைக் கிழிக்கும், உண்பார் இல்லை, கரையைக் குடைந்து வளை அமைக்கும். மண்கரையை நம்பி வாழும் ஏரிநாட்டில் இது எத்தகைய தீங்கு என்பதை விளக்க வேண்டியதில்லை. 2018-இல் கேரளத்தைப் புரட்டிய பெருவெள்ளத்தில், பண்ணைகளிலும் தொட்டிகளிலும் இருந்த அராபைமா போன்ற அயல்நாட்டு மீன்கள் ஆறுகளுக்குள் பாய்ந்ததையும் நாம் அறிவோம்.

இவற்றுக்கெல்லாம் நடுவே ஏரியின் காவலர் எங்கே? இன்று ஏரியின் கரையும் மதகும் ஓர் அரசுத்துறையின் பொறுப்பு. சிற்றேரி ஊராட்சியின் பொறுப்பு. மீனோ ஏலம் எடுத்தவருக்கு உரியது. மீன் பாசிக் குத்தகைக்குப் பணம் கட்டியவர், குத்தகைக் காலத்திற்குள் போட்டதை எடுக்க வேண்டியவர். விரைவில் பெருகும் குஞ்சையே அவர் விடுவார். அதில் அவரைக் குறை சொல்வதற்கு என்ன இருக்கிறது? இந்த ஏரி அடுத்த தலைமுறைக்கு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கும் கடமை கொண்ட ஏரி வாரியம் இன்று இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் அயல் மீன் நுழைந்தது. கோட்டையின் கல்லுக்குக் காவல் உண்டு. கோட்டை மக்களுக்குச் சோறிட்ட ஏரியின் உயிர்களுக்குக் காவல் இல்லை.

கலிலேயக் கடலில் இவை யார்?

குருமடத்தில் நாம் திருவிவிலியம் பயின்றபோது மீனைப் பற்றி ஆழ்ந்து எண்ணியதில்லை. இத்தேடலின்போதுதான் ஒரு செய்தி நம்மை வியப்பில் ஆழ்த்தியது. கலிலேயக் கடல் உப்புக்கடல் அன்று. அது ஒரு நன்னீர் ஏரி. அந்த ஏரிக்குச் செல்லும் திருப்பயணிகளுக்கு உணவு விடுதிகளில் 'புனித பேதுருவின் மீன்' என்று சொல்லிப் பொரித்து வைப்பது திலேப்பியா இனமே. நம் ஜிலேபிக்கு நெருங்கிய உறவு. பேதுரு தூண்டிலிட்டு வாயில் நாணயத்தோடு எடுத்த மீன் (மத் 17:27) இதுவே என்பது மரபு. வாயில் குஞ்சுகளைச் சுமக்கும் வழக்கம் இதற்கும் உண்டு.

ஆப்பிரிக்கக் கெளுத்தியோ உறவு மட்டுமன்று. அதே இனம் கலிலேயக் கடலில் தொன்றுதொட்டு வாழ்கிறது. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு, கப்பர்நாகும் ஊற்றில் நைல் நாட்டு ஏரியில் உள்ளது போன்ற மீன் உண்டு என்றும், ஆதலால் அவ்வூற்றைச் சிலர் நைல் நதியின் கிளை என்று கருதினர் என்றும் எழுதியுள்ளார். அது இக்கெளுத்தியே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். செதில் இல்லாத மீனை உண்ணலாகாது என்பது லேவியர் நூலின் சட்டம் (லேவி 11:9-12). ஆகவே, வலையில் சிக்கிய மீன்களுள் நல்லவற்றைக் கூடையில் சேர்த்து ஆகாதவற்றை எறிந்துவிடும் மீனவரைப் பற்றி ஆண்டவர் உவமை சொன்னபோது (மத் 13:47-48), கேட்டுக்கொண்டிருந்த பேதுருவின் கண்முன்னே இந்தக் கெளுத்தியும் துள்ளியிருக்கக்கூடும்.

எண்ணிப் பாருங்கள். நம் ஏரியில் நாம் கண்டு அஞ்சும் கெளுத்தியும், ஜிலேபியின் நெருங்கிய உறவும் ஆண்டவர் நடந்த ஏரியில் சொந்த வீட்டுப் பிள்ளைகள். அங்கே அவை ஒன்றையொன்று அறிந்து, ஒன்றுக்கொன்று எல்லையாய், ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துவந்தன. தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில், நீர்வாழ் உயிர்களைக் கடவுள் அந்தந்த இனத்தின்படி படைத்து, நல்லது எனக் கண்டு, பலுகிப் பெருக ஆசி வழங்கினார். ஜிலேபி அந்த ஆசியைத்தான் நிறைவேற்றுகிறது. அதனிடத்தில் பாவம் இல்லை. இடம் மாற்றி வைத்த கை நம்முடையது.

இதைவிட உருக்கமான செய்தி ஒன்றுண்டு. உலகெங்கும் பரவிவிட்ட மொசாம்பிக் ஜிலேபி, தன் சொந்தத் தாயகத்தில் அழிவை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது. மீன் வளர்ப்புக்காக அங்கே கொண்டுவிடப்பட்ட நைல் ஜிலேபி அதனோடு கலந்து, தூய இனம் அருகிவருகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழியும் இடர்ப்பாட்டுக்கு உட்பட்ட இனங்களின் செம்பட்டியலில் அதைச் சேர்த்துள்ளது. நம் ஏரியில் விரட்டியவன், தன் வீட்டில் விரட்டப்பட்டவன்!

அயல் என்பது குற்றமா?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. அயலிலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று தீயது என்ற வாதம் நம் நாட்டில் எளிதாக எழுகிறது. அந்த வாதத்தின் கூர்முனை அவ்வப்போது நம் விசுவாசத்தின் மீதும் பாய்கிறது. மீனைப் பற்றிப் பேசுகையில் மனிதரை எண்ணிப் பேசும் பழக்கம் நமக்கு வேண்டாம். மனிதர் அனைவரும் ஒரே இனம். இப்புவியில் எந்த மனிதரும் மற்றவருக்கு அயல் இனம் ஆகார்.

உயிரினங்களிலும் அயல் என்பது தானே குற்றமாகாது. நம் குழம்பில் உறைக்கும் மிளகாய் அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்தது. நாட்டு மீன் என்று நாம் இன்று வாங்கும் கட்லாவும் ரோகுவும் வடக்கே கங்கைச் சமவெளியின் மீன்கள். மீன்துறையின் முயற்சியால் தமிழகம் வந்தவை. வந்தது பிற உயிரை வாழவிடுகிறதா, ஒடுக்குகிறதா என்பதே கேள்வி. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950-களில் விடப்பட்ட நைல் பெர்ச் என்னும் பெருமீனால், வேறெங்கும் காண இயலாத நூற்றுக்கணக்கான சிறுமீன் இனங்கள் மறைந்தன. ஏற்றுமதி பெருகியது, ஏரி வறுமையடைந்தது.

1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி இந்நாட்டின் மொழியைக் கற்று, உணவையும் உடையையும் ஏற்று, கேட்ட பின்னரே பேசினார். வந்தவர் எப்படி வர வேண்டும் என்பதற்கு அவர் சான்று. எண்ணம் நல்லதாக இருப்பது போதாது. வந்து சேரும் இடத்தை மதித்து, அங்குள்ளவற்றை அறிந்து, தாழ்மையோடு நுழைய வேண்டும். 1952-இல் அம்மீனைக் கொண்டுவந்தவர்கள் பசித்தவரை நினைத்தார்கள்; அது நன்று. விராலை எண்ணிப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. நற்பணி செய்ய விரும்பும் நம் அனைவருக்கும், பங்குப்பணியாளர்களாகிய எங்களுக்குச் சிறப்பாகவும், இதில் ஒரு பாடம் இருக்கிறது.

நம் கையில் இருப்பது

ஏரிகளிலிருந்து ஜிலேபியை முற்றாக நீக்க இனி இயலாது. நீக்கினால் அந்தத் தாயின் கூடைக்கு எதைத் தருவோம் என்ற கேள்விக்கும் விடையில்லை. பிடிபடும் ஜிலேபியை உண்போம். ஏழையின் உணவை இகழாதிருப்போம். ஆனால் இருக்கும் தீமையோடு புதியதைச் சேர்க்காதிருப்பது நம் கையில் உள்ளது.

நம் பிள்ளைகளின் கண்ணாடித் தொட்டி மீனை எக்காரணம் கொண்டும் ஏரியிலோ குளத்திலோ கிணற்றிலோ விட வேண்டாம். வளர்க்க இயலாவிடில் வாங்கிய கடைக்கே திருப்பித் தரலாம், அல்லது வளர்க்கக்கூடிய வேறொருவரிடம் ஒப்படைக்கலாம். பண்ணைக் குட்டை வைத்திருக்கும் நம் உழவர்கள் ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் மறுத்துவிட வேண்டும். கிராம சபை கூடும் நாட்களில் நம் மக்கள் வீட்டில் இருந்துவிடுகின்றனர்; அங்கே சென்று, ஏரியை ஏலம் விடும்போது எந்த மீன் குஞ்சை விடலாம் என்பதையும் நிபந்தனையாக எழுதுங்கள் என்று கேட்கலாம். ஏரியின் ஒரு மூலையில் நீர் வற்றாத மடுவொன்றை விராலுக்கும் தேளிக்கும் விட்டுவைக்கலாம். அங்காளம்மனை வணங்குவோரும், பள்ளிவாசலில் தொழுவோரும், நாமும் ஒரே ஏரியின் நீரைத்தான் பகிர்ந்துகொள்கிறோம். இக்காவலை ஒன்றாகச் செய்வதே புதிய ஏரி வாரியம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், ஒவ்வோர் உயிரும் நமக்குப் பயன்படுவதற்கு அப்பாலும் கடவுள் முன் தன் மதிப்பைக் கொண்டது என்று கற்பித்தார். ஏதேன் தோட்டத்தில் மனிதன் வைக்கப்பட்டது அதைப் பண்படுத்துவதற்கு மட்டுமன்று, காப்பதற்குமே (தொநூ 2:15). பண்படுத்தும் பணியை ஆர்வத்தோடு செய்தோம், மற்றதை மறந்தோம்.

பதுவை நகர்ப் புனித அந்தோணியாரின் உரையை ரிமினி நகர மக்கள் கேட்க மறுத்தபோது, அவர் நீரின் விளிம்பில் நின்று மீன்களுக்குப் போதித்தார் என்பது நம் வீடுகளில் சிறுவரும் அறிந்த மரபு. மீன்கள் தலை தூக்கி வரிசை வரிசையாய் நின்று கேட்டனவாம்; பெரியவை பின்னே, சிறியவை முன்னே. இன்று அவர் நம் ஏரிக்கரைக்கு வந்து நின்றால், முன்வரிசையில் அயிரையும் ஆராலும் இருக்குமா?

கோடை முடிந்து மழை வரும். கலிங்கல் வழியாக நீர் வழியும் நாளில், நம் பேரப்பிள்ளைகள் ஊத்தாவோடு வாய்க்காலுக்கு ஓட வேண்டும். செந்நிறக் குஞ்சுத் திரளையும் அதன்கீழ்க் காவல் நிற்கும் பெற்றோரையும் அவர்களும் காண வேண்டும். அதற்கான காவலை ஆண்டவர் இன்று நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார்.